கீழ்வீட்டுக்காரர்கள்

டொக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, டொக், டொக்.

கேட்கிறதா சிஸ்டர்? ஆரம்பித்துவிட்டது. விளக்கை அணைத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடியும் எழுந்து, மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அரிசி டிரம்மின் மேல் நோட்டை வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன். அரிசி டிரம் கதவை ஒட்டி நிற்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். "ரெஜினா, முதலிலிருந்து சொல்" என்பீர்கள். முதலிலிருந்துதான் சொல்லப் பார்க்கிறேன். இந்தச் சத்தம் விட்டால்தானே.

முதலில் கேட்டது என் மாமனார் தட்டுவது. கதவுக்கு அந்தப் பக்கம், ஹாலில், தரையில் தட்டுகிறார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு வந்ததே, அந்த இரண்டு, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் தட்டிச் சற்று நேரம் கழித்து வருகிறது. இந்த அறைக்கு அடியிலிருந்து வருகிறது. என் அமலி தூங்குகிற தொட்டிலுக்கு நேர் கீழேயிருந்து.

நான் சந்தேகப்படுகிற பெண் இல்லை. அது உங்களுக்குத் தெரியும். பதினொரு வருஷம் உங்கள் ஹாஸ்டலில் வளர்ந்தவள். ஒரே ஒரு முறை சேப்பல் மெழுகுவர்த்தி காணாமல் போனபோது சமையல்கார லூர்தம்மா பெயரைச் சொன்னேன். அது வேறு விஷயம். எலி தின்றது என்று பிறகு தெரிந்தது, சரி. ஆனாலும் அந்த அம்மாள் முகத்தில் ஏதோ இருந்தது.

தங்கவயலுக்கு நான் வாழவந்து இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு வந்தபோது பார்த்தீர்களே, வரிசை வரிசையாக ஒரே அச்சில் வீடுகள். லைன் வீடு என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டியது. இப்போது சுரங்கத்தை மூடிவிட்டார்கள், வீடுகளும் ஆட்களும்தான் மிச்சம். ஆண்கள் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். எட்வினுக்கு நைட் ஷிப்ட். சாயங்காலம் ஐந்து மணி வண்டிக்குப் போனால் காலை எட்டு மணிக்குத்தான் வருவார். ராத்திரியில் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், நாலு மாதக் குழந்தை, அந்தக் கிழவர்.

கிழவர் என்று எழுதியதற்கு மன்னியுங்கள். மாமா. சூசைநாதன் மாமா. முப்பத்தொரு வருஷம் அடியில் பாறைக்குத் துளை போடும் மெஷின் பிடித்தவர். மெஷின் சத்தத்தில் காது போய்விட்டது, பாறைத் தூசியில் நெஞ்சு போய்விட்டது. நாலு வார்த்தை பேசினால் நின்று மூச்சு வாங்குவார். அத்தை நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். மருமகளிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் மாமாவுக்கு இல்லை. காபி வேண்டுமென்றால் டம்ளரைச் சத்தம் வரும்படி கீழே வைப்பார். இந்த இரண்டு வருஷத்தில் என் பெயரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டதில்லை. நானும் அவர் எதிரில் உட்கார்ந்ததில்லை. எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது கிடையாது. வந்திருந்தால்கூடத் தேவலை, ஆள் எப்படி என்று தெரிந்திருக்கும்.

முதலில் அந்தச் சோறு.

தட்டில் கடைசிக் கவளத்தை அவர் வாயில் போடவே மாட்டார். சோறானாலும் களியானாலும் குழம்பில் தொட்டு உருட்டி, எங்கள் அறையின் மேற்கு மூலையில் வைத்துவிட்டுப் போவார். அடுத்த வேளைக்குள் அது இருக்காது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அக்காவிடம் கேட்டேன்.

"அது கீழவூட்டுக்காரங்களுக்கு," என்றாள், புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே. "எங்க வூட்டு ஆளும் அப்பிடித்தான் வெச்சினு இருந்தாரு, சாவற வரைக்கும்."

"கீழே ஏதுக்கா வீடு?"

"இன்னாம்மா, கான்வென்ட்ல படிச்ச பொண்ணு, இது தெரியாதா? துரைங்க வந்தாங்களே, அவங்க ஊர்லயும் மைன் உண்டாம். அங்க அடியில முழங்கை ஒசரத்துக்கு ஆளுங்க இருக்குமாம். சுத்தியல வெச்சி பாறைய தட்டிக்கினே இருக்குமாம். துரைங்க கப்பல் ஏறினப்ப அதுங்களும் கூடவே ஏறி வந்துடுச்சாம். துரைங்க ரொட்டி ஓரத்த பிச்சி போட்டாங்க, நம்ம ஆளுங்க களி வெச்சாங்க. எங்கம்மா ஊர்ல கீழ இருக்கறது நாகராஜான்னு பால் ஊத்துவாங்க. எவனா இருந்தா இன்னா? கீழ இருக்கறவனுக்கும் வயிறு இருக்குதில்ல?"

சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மைன மூடினதும் பம்ப நிறுத்திட்டாங்க. அடியில தண்ணி ரொம்பிக்கினே மேல வருதாம். அதுங்க மட்டும் இன்னா பண்ணும்? மேலதான ஏறி வந்தாவணும்," என்றாள்.

அன்றைக்கு உங்களை நினைத்துக்கொண்டேன். மழையில் கரண்டு போன ராத்திரிகளில் எங்களை உட்காரவைத்து, உங்கள் மழலைத் தமிழில் கதை சொல்வீர்கள். உங்கள் அயர்லாந்தில் பச்சை மேட்டுக்கு அடியில் குடியிருக்கிறவர்கள், ஞானஸ்நானம் ஆகாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதே முகத்தில் தங்களுடையதைப் படுக்கவைத்துவிட்டுப் போகிறவர்கள். அப்புறம் உலக உருண்டையைச் சுற்றிவிடுவீர்கள். ஏதோ ஒரு வெள்ளி மலையில் விரலை வைத்து, "இங்கே சுரங்கத்துக்குள் களிமண்ணில் கொம்பு வைத்த முதலாளியைச் செய்து, அவன் வாயில் சிகரெட் பற்றவைக்கிறார்கள்" என்றீர்கள். மேலே பனிநாட்டில் வைத்து, "இங்கே பாறைக்குள் குடும்பமே இருக்கிறது, ஆடு மாடு உட்பட" என்றீர்கள். "எங்கே தோண்டினாலும் கீழே யாரோ இருக்கிறார்கள், பெண்களே!" நாங்கள் போர்வைக்குள் ஒளிந்ததும், "எல்லாம் கதை, நமக்கு இயேசு போதும்" என்று சிலுவை போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள்.

ஆனால் சிஸ்டர், உங்கள் அறையைப் பெருக்கும் முறை எனக்கு வந்தபோது பார்த்தேன். உங்கள் தலையணைக்கு அடியில் ஒரு பழைய இரும்பு ஆணி இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் வெறும் கதை என்று நினைக்கவில்லை என்று மட்டும் புரிந்துகொண்டேன்.

அதனால்தான் அமலி பிறந்ததும் நானும் தொட்டிலுக்கு அடியில் இரும்பு வைத்தேன். ஞானஸ்நானம் இன்னும் ஆகவில்லை. எட்வினுக்கு லீவு கிடைக்கவில்லை, அடுத்த மாதம் என்கிறார். வீட்டில் ஒரு இரும்புக் கம்பி கிடந்தது, மூன்றடி நீளம், ஒரு முனை தேய்ந்து வழவழவென்று. மாமா சுரங்கத்திலிருந்து கொண்டுவந்தது. அதை வைத்தேன். காலையில் பார்த்தால் காணோம். ஹாலில் அவர் கட்டிலோரம் கிடக்கிறது. திரும்ப எடுத்து வைத்தேன். மறுநாளும் ஹாலில். குழந்தைக்குக் காவலாக வைத்த இரும்பை ஒருவர் ராத்திரியில் வந்து எடுத்துப்போகிறார் என்றால் என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள்.

ஒரு ராத்திரி தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். பன்னிரண்டு மணி இருக்கும். வந்தார். மருமகள் படுத்திருக்கிற அறைக்குள் எந்த மாமனாராவது வருவாரா? என் பக்கம் திரும்பவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்துக்கொண்டு, தொட்டிலுக்கு அடியில் குனிந்து கம்பியை எடுத்தார். மண்டி போட்டார். இடது கையைத் தரையில் அகலமாக விரித்து, ஆட்டைத் தடவிக்கொடுக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, வலது கையால் கம்பியை ஊன்றித் தட்டினார். கணீர் என்றது. ஒரு சாண் நகர்ந்தார். தட்டினார். கணீர். இப்படியே ஒவ்வொரு சாணாகத் தொட்டிலுக்கு அடியில் வந்தார். அங்கே தட்டினால் கணீர் இல்லை, சிஸ்டர். மத்தளத்தில் தட்டினாற்போல டப் என்றது.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் கீழேயிருந்து முதல்முதலாக அந்தச் சத்தம் வந்தது. டொக், டொக். ஆழத்தில், கல்லின் மேல் கல் விழுகிறாற்போல. அவர் நெருப்பைத் தொட்டவர் மாதிரிக் கையை வெடுக்கென்று எடுத்தார். அவருக்குத்தான் காது கேட்காதே, எப்படித் தெரிந்தது? கையால் கேட்கிறார்! உதடு மட்டும் அசைந்தது. யாருக்கோ என்னமோ சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் காகிதம். மூலையிலிருந்து ஜன்னல்வரை சுவரில் ஒரு வெடிப்பு உண்டு. நான் வந்த புதிதில் தலைமுடி அளவு இருந்தது, இப்போது சுண்டுவிரல் நுழைகிறது. பழைய வீடென்றால் அதெல்லாம் இருக்கத்தான் செய்யும். அந்த வெடிப்பின் குறுக்கே சோற்றுப் பசை தடவி ஒரு காகிதத் துண்டை ஒட்டியிருந்தார். அதில் பென்சிலில் அன்றைய தேதி. இரண்டு நாளில் காகிதம் நடுவில் கிழிந்தது. பக்கத்தில் இன்னொன்று ஒட்டினார், புதுத் தேதியோடு. அது ஒரே நாளில் கிழிந்தது. மூன்றாவது ஒட்டினார். தேதி எதற்கு? யாருடைய நாளை எண்ணுகிறார்? நான் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு மூன்றையும் உரித்து அடுப்பில் போட்டேன். வந்து பார்த்தார். வெறும் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

தொட்டிலையும் சொல்ல வேண்டும். சக்கரம் வைத்த மரத் தொட்டில். படுக்கும்போது என் கட்டிலோடு ஒட்டி விடுகிறேன். விடிந்தால் மேற்கு மூலையில் இருக்கிறது. அவர் சோறு வைக்கிற அதே மூலை. ஒரு நாள் இல்லை, தினமும். தொட்டிலை யார் இழுக்கிறார்கள்? தினமும் காலையில் முதல் வேலையாக அமலியின் இடது காதை மடித்துப் பார்க்கிறேன். காதுக்குப் பின்னால் எள் அளவு மச்சம் இருக்கிறது. இன்றுவரை இருக்கிறது. இன்றுவரை இவள் என்னுடையவள்தான்.

போன செவ்வாய்க்கிழமை விழித்துப் பார்த்தால் தொட்டில் காலி.

என் உயிர் என்னிடம் இல்லை. ஓடினேன். ஹாலில் அவர் கட்டிலில் அமலி கிடக்கிறாள், நல்ல தூக்கத்தில். அவர் கீழே உட்கார்ந்திருக்கிறார், மடியில் அந்தக் கம்பி. பிடுங்கி எடுத்தேன். அப்போதுதான் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"யம்மா... இந்த ரூம்ல படுக்காத. கீழ... காலியாயிருக்குது. கொழந்தய... இங்க போடு. நீயும் இங்க படு. நான் வெளிய... வாசல்ல படுத்துக்கறேன்."

எவ்வளவு நல்ல வார்த்தை, பாருங்கள்! உங்கள் கதையிலும் அவர்கள் அதட்டியா கூப்பிட்டார்கள்? கெஞ்சித்தானே கூப்பிட்டார்கள்? "சரி மாமா" என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டேன்.

காலையில் எட்வின் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பா ராத்திரி குழந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டார்," என்றேன்.

"எங்க? பம்பாய்க்கா?"

"சிரிக்காதீங்க. தரையைத் தட்டறார். கீழேயிருந்து பதில் வருது."

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "ரெஜி, அது மைன்காரங்க பழக்கம். உள்ள எறங்கினா மொத வேல பாறைய தட்டிப் பாக்கறதுதான். நல்ல பாறன்னா மணி மாதிரி கேக்கும். பின்னால காலியா இருந்தா டப்புங்கும், அங்க நிக்கக்கூடாது. காது போனப்பறம் நைனா கைய வெச்சே சொல்லுவாரு. இப்ப மைன் இல்ல, கை சும்மா இருக்குமா? கண்டதையும் தட்டறாரு. போன மாசம் கோயில்ல பாவசங்கீர்த்தனத் தொட்டிய தட்டிட்டு, 'இது நல்லாக்கீது'ன்னாரு. ஃபாதர் உள்ள ஒக்காந்து பாவம் கேட்டுக்கினு இருந்தாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ சிரிக்க மாட்ட. ஆனா அந்தக் கைதான் பத்து பேர காப்பாத்திச்சி, தெரியுமா? ஒரு தடவ பன்னண்டு பேரு அடியில வேல செய்யறாங்க. நைனா கைய வெச்சிப் பாத்துட்டு, 'எல்லாம் வெளிய வாங்கடா'ன்னாராம். பத்து பேரு வந்துட்டாங்க. ரெண்டு பேரு, 'சூசைக்கு பயம் வந்துடுச்சிடா'ன்னு சிரிச்சிக்கினு பீடி பத்தவெச்சாங்க."

"அப்புறம்?"

"அப்பறம் இன்னா, மேல்பாறை எறங்கிடுச்சி. மூணு நாள் கழிச்சிதான் எடுத்தாங்க."

"அது எப்போ?"

"நான் பொறக்கறதுக்கு முந்தின வருஷம்."

"உங்களுக்கு முன்னால ஒரு அக்கா பிறந்து இறந்துபோச்சே, அது?"

கொஞ்சம் யோசித்தார். "அதே வருஷம்தான். நாலு மாசக் கொழந்த. காய்ச்சல்ல போயிடுச்சி. ஏன் கேக்கற?"

ஏன் கேட்டேனா? சிஸ்டர், நீங்கள்தான் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். பாறை இடியப்போகிறது என்று கீழே இருக்கிறவர்கள் ஒருவருக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? சும்மா சொல்வார்களா? அந்த வருஷமே அவர் வீட்டில் நாலு மாதக் குழந்தை போகிறது. இப்போது அவர்கள் குடியிருப்பில் தண்ணீர் ஏறுகிறது, மேலே வருகிறார்கள், மறுபடி அவரைத் தட்டிக் கூப்பிடுகிறார்கள். மறுபடி அவர் வீட்டில் நாலு மாதக் குழந்தை. கூட்டிப் பாருங்கள், எங்கே தப்பு வருகிறது?

இதை எட்வினிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர், "ஒனக்கு பயமா இருந்தா கட்டில ஹால்ல போட்டுக்கோ. நைனாவும் அதத்தான சொல்றாரு. ஞாயித்துக்கெழம ஒரு மேஸ்திரிய கூட்டியாந்து காட்டறேன், போதுமா?" என்றார்.

நைனாவும் அதத்தான சொல்றாரு! அப்படியானால் இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் என் மனசில் இருப்பதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

அன்றைக்குத்தான் கதவைத் தாழ் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். இந்த அறைக் கதவை நாங்கள் மாதக்கணக்காகத் தாழ் போடுவதே இல்லை, எட்வின்தான் ராத்திரியில் இல்லையே. போட்டால், போகவில்லை. வாழவந்த புதிதில் சொன்னபடி கேட்ட தாழ்ப்பாள். இப்போது தாழ்க்கம்பி ஓரிடத்தில் இருக்கிறது, அது நுழையவேண்டிய துளை அரை விரல் கீழே இருக்கிறது. கதவைத் தூக்கிப் பார்த்தேன். தேங்காயெண்ணெய் விட்டேன். குழவியால்கூடத் தட்டிப் பார்த்தேன். ஊஹூம். நான் வந்தபோது பொருந்திய தாழ்ப்பாள் தானாகவா இடம் மாறும்? யாரோ கை வைத்திருக்கிறார்கள். கை வைக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? அதனால்தான் இந்த அரிசி டிரம்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்று நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன், மெழுகுவர்த்தி பாதிக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் எட்வின் வண்டிக்குப் போனதும் மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று சொல்லவில்லை. பழைய சுரங்க ஆபீசுக்குப் போயிருக்கிறார் என்று பிறகு பச்சையம்மா அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அங்கே வாட்ச்மேனைத் தவிர யார் இருக்கிறார்கள்? இருட்டினதும் இரைக்க இரைக்கத் திரும்பி வந்து, வீட்டுக்குள் வராமல் நேரே பச்சையம்மா அக்கா வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள்.

"தங்கச்சி, ஒங்க மாமா ஒரே அழுகை. எனக்கு ஒண்ணும் வெளங்கல. இன்னிக்கி ஒரு ராத்திரி கொழந்தய எடுத்துக்கினு எங்க வூட்ல வந்து படுத்துக்கோயேன். பெரிய மனுஷன் கேக்கறாரு."

"எதுக்குக்கா?"

"எதுக்கா இருந்தா இன்னா? நம்ம வூடுதான? வா, மீன் கொழம்பு வெச்சிருக்கறேன்."

நல்லவள்தான். பிரசவத்தின்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள். ஆனால் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஏதோ இருந்தது. காலையில் வருகிறேன் அக்கா என்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம் அறைக்கு வந்து பார்த்தால், மூலையில் மத்தியானம் வைத்த உருண்டை அப்படியே காய்ந்து கிடக்கிறது. இரண்டு வருஷத்தில் ஒரு நாள் மிஞ்சியதில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூலையிலிருந்து நாலைந்து எலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து, சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல், என் காலைத் தாண்டி வாசல் பக்கமாக ஓடின. சோறு வேண்டாமாம். அப்படியென்றால் கீழே இருக்கிறவர்களுக்கு வேறு ஏதோ தயாராகிவிட்டது. இல்லையா?

அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஹாலுக்குப் போய், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கு இரும்பு என்னிடம். அவர் குழவிக்கல்லால்தான் தட்டிக்கொண்டிருக்கிறார். அமலியின் துணிகளை ஒரு பையில் போட்டுவிட்டேன். காலையில் எட்வின் வீட்டு வாசலை மிதித்ததும் கிளம்பிவிடுவேன், யார் தடுத்தாலும் சரி. மத்தியானத்துக்குள் உங்கள் கேட்டில் நிற்பேன். நீங்களே அமலிக்கு ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை, கையில் கொண்டுவருகிறேன். நேரில் பேசினால் அழுகை வந்து எதையாவது விட்டுவிடுவேன். அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன். தமிழிலேயே எழுதுகிறேன். "இங்கிலீஷில் எழுதினால் நீ பொய் சொல்கிறாய், ரெஜினா" என்பீர்களே.

விடிய இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது. ஐந்து மணி நேரம்தான்.

டொக். அது அவர்.

இப்போது கீழே. டொக் டொக் இல்லை இந்தத் தடவை. யாரோ ஒரு கூடைக் கல்லைக் கொட்டினாற்போல. நீளமாக. நோட்டின் மேல் ஏதோ பொடி விழுகிறது, ஊதிவிட்டு எழுதுகிறேன். சுண்ணாம்பு. தொட்டில் நகரப் பார்க்கிறது, காலை நீட்டிச் சக்கரத்தை மிதித்துக்கொண்டிருக்கிறேன். இழுக்கட்டும். நான் இருக்கும்வரை இழுக்கட்டும், பார்க்கிறேன்.

கதவைத் தட்டுகிறார்.

"ரெஜினா!"

என் பெயர். இரண்டு வருஷத்தில் சொல்லாத பெயர். இன்றைக்கு வாய் வந்திருக்கிறது.

"ரெஜினா! யம்மா... கதவ தொற. கொழந்தய மட்டுமாவது... என் கையில குடு."

பார்த்தீர்களா? வாய்விட்டே கேட்டுவிட்டார். குழந்தையை மட்டுமாவது. உங்கள் கதையில் அந்தப் பெண் செய்த தப்பை நான் மறக்கவில்லை, சிஸ்டர். தெரிந்த குரலில் மூன்று தடவை கூப்பிடுவார்கள். இரண்டு தடவை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் மூன்றாவது தடவை மனசு கேட்காமல் திறந்துவிட்டாள். அமலியை மார்போடு கட்டிக்கொண்டுவிட்டேன். ஒரு கையால் எழுதுகிறேன். காதை மடித்துப் பார்த்தேன். மச்சம் இருக்கிறது.

கதவைத் தள்ளுகிறார். மூச்சு இல்லாத மனுஷனுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? டிரம் ஒரு விரல்கடை நகர்ந்தது. இருங்கள்.

வந்துவிட்டேன். எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு மாதாவே, மாதாவே என்று கத்தினேன். அப்போது வீடு முழுக்க ஒரு தரம் பெருமூச்சு விட்டது. பொய்யில்லை. சுவர் முனகியது, தரை லேசாகக் கீழே போய் நின்றது, கதவு தன் நிலையோடு சேர்ந்து கிரீச்சென்று அசைந்தது. அண்ணாந்து பார்த்தால், மாதக்கணக்காக அரை விரல் விலகி இருந்த துளை, தாழ்க்கம்பிக்கு நேர் எதிரே வந்து நிற்கிறது!

எண்ணெய்க்கும் கல்லுக்கும் அசையாதது. மாதா கேட்டுவிட்டார், சிஸ்டர்.

"ரெஜினா!"

மூன்றாவது தடவை.

ஒரே விரலால்தான் தொட்டேன். தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது.